எனக்கு வராத வலிப்பு

அக்டோபர் 1, ஞாயிறு

டாலிகஞ்ச் வாழ் பெருமக்களுக்கு ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது: உதயசூரியனாகிய எனது இடது கால் செருப்பு, இன்று காலை ஆராதனை நடந்துகொண்டிருந்த வேளையில், சபை வாசலிலிருந்து காணாமல் போயிற்று. நிறம் நீலம். குதிகாலில் ஓட்டை. சபைக்குப் பின்னால் வசிக்கும் கறுப்பு நாய்மீது பலத்த சந்தேகம் உண்டு. வலது கால் செருப்பு துணையை இழந்து வீட்டு வாசலில் கவிழ்ந்து கிடக்கிறது. மலர்வளையம் தவிர்க்கவும். புதுச் செருப்பு ஏற்றுக்கொள்ளப்படும்.

அம்மாவிடம் சொன்னேன். "பிரசங்கத்துல கண்ணத் திறந்து வச்சிருந்தா செருப்பு போயிருக்காது" என்றாள். செருப்பு வெளியே, நான் உள்ளே. கண் திறந்திருந்தால் என்ன, மூடியிருந்தால் என்ன? அம்மாவின் தீர்ப்புகளுக்கு அப்பீல் கிடையாது.

மற்றபடி முக்கியமில்லாத ஒரு செய்தி. வருகிற சனிக்கிழமை சாட்சி சொல்லும் முறை எனக்கு. எங்கள் சபை வாலிபர்கள் சனிக்கிழமைதோறும் சிப்பிகாட் போகிற வழியில் இருக்கும் மாணவர் விடுதிக்குப் போவோம். வெளித்தீவுகளிலிருந்து கப்பலேறி எங்கள் தீவுக்குப் படிக்க வந்த பையன்கள். கேரம் ஆடுவோம், கணக்கு சொல்லிக்கொடுப்போம், இரண்டு பாட்டு பாடுவோம், டீ குடிப்போம். டீக்கு முன்னால் எங்களில் ஒருவர் எழுந்து, ஆண்டவர் தன் வாழ்க்கையில் செய்ததைச் சொல்ல வேண்டும். பையன்கள் டீயைப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள்.

வாலிபர் கூட்டத் தலைவி ராஜகுமாரி அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். எதைச் சொன்னாலும் ஊசி போடுகிற குரலில்தான் சொல்வார்.

"சூரி, நாலே நிமிஷம். நடந்ததச் சொல்லணும். சேட்டை வேண்டாம்."

"நடந்தது ஒண்ணுமே இல்லியே அக்கா."

"அப்ப அதச் சொல்லு."

அக்டோபர் 4, புதன்

சாட்சி தேடும் படலம்.

நல்ல சாட்சிக்காரர்கள் எல்லாரும் கொடுத்து வைத்தவர்கள். சபையில் ஒருவர் குடித்துவிட்டு சாத்தம் ஜெட்டியிலிருந்து கடலில் விழுந்து எழுந்தவர். இன்னொருவர் சுனாமியில் தென்னை மரத்தைக் கட்டிப்பிடித்துப் பிழைத்தவர். நான்? தொட்டிலிலிருந்து நேராக ஞாயிறு பள்ளி. என் பாவ வரலாறு: பக்கத்து வீட்டுப் பப்பாளி, காணிக்கைப் பையில் போட்ட சட்டைப் பொத்தான், பாஸ்டர் ஐயாவின் பைக் சீட்டில் தடவிய பலாப் பிசின். இதைக் கேட்டு யார் எழுப்புதல் அடைவார்? பாஸ்டர் ஐயாவாலேயே சீட்டை விட்டு எழும்ப முடியவில்லை.

சுதாகர் உதவிக்கு வந்தான். எங்கள் கூட்டத்தின் டிரம்ஸ்காரன், நர்சரியிலிருந்து என் வகுப்பு.

"என் சாட்சிய எடுத்துக்கோ. எனக்கு முன்னாடி கோபம் ஜாஸ்தி வரும், இப்ப கம்மியா வருது."

"இது சாட்சியா, வானிலை அறிக்கையா?"

அவனுக்குக் கோபம் ஜாஸ்தியாகவே வந்தது.

அக்டோபர் 7, சனி

இந்தத் தேதியைத் தங்க எழுத்தில் எழுத வேண்டும். பேனாவில் நீலம்தான் இருக்கிறது.

போனில் பார்த்த ஒரு பிரசங்கியாரின் கதையை எடுத்து, என் அளவுக்கு வெட்டித் தைத்துக்கொண்டேன். ராஜகுமாரி அக்காவுக்கு டூட்டி, வரவில்லை. வானம் தெளிவாக இருந்தது என்று பொருள்.

எழுந்து நின்றேன். குரலை இறக்கினேன். "சின்ன வயசுல எனக்கு வலிப்பு இருந்துச்சு" என்று ஆரம்பித்தேன். கேரம் காய்களின் சத்தம் நின்றது. முதலில் வலது கை முறுக்கிக்கொள்ளும் என்று சொல்லி, முறுக்கிக் காட்டினேன். கழுத்து ஒரு பக்கம் இழுக்கும். இழுத்தேன். தரையில் விழுந்து துடிப்பேன். விழவும் செய்தேன், சிமென்ட் தரை, இப்போதும் முட்டி வலிக்கிறது. அம்மா ஓடிவந்து சாவிக்கொத்தை என் கையில் திணிப்பதையும், தெரு கூடி நின்று பார்ப்பதையும், அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பிறகு ஒரு நாள் எல்லா மாத்திரைகளையும் சாத்தம் பாலத்திலிருந்து கடலில் வீசியதைச் சொன்னேன். "அன்னையிலருந்து இன்னை வரைக்கும் ஒரு தடவகூட வந்தது கெடையாது."

கடைசி வாக்கியம் சுத்த உண்மை. அதற்கு முன்னாலும் வந்தது கிடையாது என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

யாரும் டீயைப் பார்க்கவில்லை. வங்காளி வார்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுதாகர் மட்டும் சிலேட்டுக் குச்சியை முழுங்கியவன்போல் என்னைப் பார்த்தான்.

டீ நேரத்தில் ஒரு பையன் பக்கத்தில் வந்து நின்றான். அன்பழகன். கட்சால் தீவு. அவர்கள் குடும்பம் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்து அங்கே ரப்பர் தோட்டத்தில் குடியேறியது. பதினொன்றாம் வகுப்பு. எங்கள் கூட்டத்துக்கு அவன் வருவது ஆண்டவருக்காக இல்லை, கீபோர்டுக்காக. தினமும் பழகட்டும் என்று கீபோர்டை விடுதியிலேயே விட்டு வைத்திருக்கிறோம்.

"அண்ணே, மெய்யாவா?"

"பின்னே? நம்பலைன்னா கடல்ல போயி மீனக் கேளு."

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

அக்டோபர் 8, ஞாயிறு

விடுதியில் சொன்ன சாட்சியைக் கேள்விப்பட்டுப் பாஸ்டர் ஐயா கை குலுக்கினார். பலாப் பிசின் வழக்கு தள்ளுபடி ஆனதாக எடுத்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 11, புதன்

பாம்புஃபிளாட் வாலிபர் கூட்டத்திலிருந்து அழைப்பு. அங்கே வந்து சாட்சி சொல்ல வேண்டுமாம். சாத்தத்திலிருந்து ஃபெர்ரியில் அழைத்துப் போவார்களாம், சமோசா உண்டாம். எனது வலிப்பு கடல் கடக்கப் போகிறது.

சுதாகர் பள்ளிக்கூட மாடிப்படியில் மடக்கினான். "நர்சரியிலருந்து உன் கூடப் படிக்கேன். எப்படா உனக்கு வலிப்பு வந்துச்சு?"

"லீவு நாள்ல."

"பாகல் ஹை தூ. பைத்தியமாடா? அக்காவுக்குத் தெரிஞ்சா உரிச்சிருவாங்க."

"தெரிஞ்சா என்ன? நல்ல காரியத்துக்குத்தானே சொன்னேன். ஒரு பய டீயப் பாக்கல, நீயே பாத்தல்ல?"

தலையில் அடித்துக்கொண்டு படி இறங்கினான். நான்கூட என் பேச்சை நம்பிவிட்டேன்.

அக்டோபர் 15, ஞாயிறு

இன்று வலிப்பு அம்மாவைப் போய்ச் சேர்ந்தது.

ஆராதனை முடிந்து பெண்கள் வாசலில் நிற்கும்போது ஜெயமணி ஆன்ட்டி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கியிருக்கிறார். "தங்கம்மாக்கா, புள்ளைக்கு இம்புட்டுப் பெரிய சுகவீனம் இருந்திருக்கு, எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லலியே. நாங்க ஜெபிச்சிருக்க மாட்டமா?"

அம்மா என்ன சொல்லியிருக்க வேண்டும்? "என்ன சுகவீனம்?" என்று கேட்டிருக்க வேண்டும். ஆனால் சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் முகத்தைப் பார்க்கிறார்கள். பெற்ற தாய்க்கே தெரியாதா என்று ஆகிவிடும். எனவே அம்மா சொன்னாள்: "ஆமா, ஆமா. வெளிய சொல்லிக்கிற விஷயமா அது."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"எப்படா உனக்கு வலிப்பு வந்துச்சு? மூணு வயசுல மூக்குக்குள்ள புளியங்கொட்டையப் போட்டுக்கிட்டதுதான் எனக்குத் தெரியும்."

"அது ஒரு ஆவிக்குரிய அர்த்தத்துல சொன்னதும்மா."

"அந்தப் புளியங்கொட்டை மூளைக்கே ஏறிருச்சுல." பிறகு குரல் இறங்கியது. "நான் வேற ஆமான்னு தலையாட்டித் தொலைச்சேன். சபையில வச்சு பொய் சொல்லிருக்கேன், உன்னால."

அப்பா கட்டட வேலையாக ரங்கத் போயிருக்கிறார். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

ராஜகுமாரி அக்காவும் கேட்டுவிட்டார். "வலிப்புக்கு எந்த டாக்டர் பாத்தாரு சூரி?"

"மெயின்லேண்ட் டாக்டர் அக்கா."

"ம்" என்றார். அந்த 'ம்'மில் ஒரு ஊசி இருந்தது. இன்னும் குத்தவில்லை.

அக்டோபர் 17, செவ்வாய்

வருகிற ஞாயிறு வாலிபர் ஞாயிறு. முழுச் சபைக்கும் முன்னால் சாட்சி சொல்லச் சொல்லிவிட்டார் பாஸ்டர் ஐயா. அவர் எங்கள் சபைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. என் பூர்வீகம் முழுதாகத் தெரியாது. சரி என்று சொல்லிவிட்டேன். ஒரு பொய்யைச் சின்னதாகச் சொல்லி முடித்துவிடலாம் என்று பார்த்தால், அது நம்மை விட வேகமாக வளருகிறது. எனக்கு மீசையே இன்னும் வளரவில்லை.

அக்டோபர் 18, புதன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

பூஜா லீவுக்குப் பையன்கள் எல்லாரும் ஊருக்குப் போகிறார்கள். கீபோர்டைத் திரும்ப எடுத்துவர நானும் சுதாகரும் சாயங்காலம் விடுதிக்குப் போனோம். சுதாகர் ஆட்டோ பிடிக்கப் போனான். அன்பழகன் கீபோர்டைக் குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு என்கூட கேட் வரைக்கும் வந்தான்.

"அண்ணே, ஒங்ககிட்ட மட்டும் ஒரு விசயம். வேற யாருக்கும் சொல்லிப்புடாதீங்க. எனக்கும் அது இருக்கு."

"எது?"

"ஒங்களுக்கு இருந்தது. வலிப்பு. எட்டாங்கிளாஸ்ல இருந்து. காலையில ஒண்ணு, ராவைக்கு ஒண்ணு மருந்து. ரூம்ல ஒருத்தனுக்கும் தெரியாது. தெரிஞ்சா கேலி பண்ணுவானுங்க. பாத்ரூம்ல போயி முழுங்கிட்டு வருவேன்."

நான் கீபோர்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீங்க சொன்னதுக்குப் பொறவு நிப்பாட்டிட்டேன். இது வரைக்கும் ஒண்ணும் வரல. நாளைக்குக் கப்பல்ல ஊருக்குப் போறேன்ல, அம்மாகிட்ட நேர்ல சொல்லப் போறேன். ரொம்பச் சந்தோசப்படும்."

நான் "அப்படியா" என்றேன்.

அப்படியா. அவ்ளோதான். வாய் கிழியப் பேசுறவன், கூட்டத்துல விழுந்து புரண்டு நடிச்சவன், அப்படியான்னு சொல்லிட்டு ஆட்டோல ஏறி வந்துட்டேன். பொய்டா தம்பின்னு சொல்ல எவ்ளோ நேரம் ஆகும்? ஒரு மூச்சு. அந்த ஒரு மூச்சு வரல. சுதாகர் வழியெல்லாம் என்னாச்சுடான்னு கேட்டான். தலைவலின்னு சொன்னேன். அதுவும் பொய்.

போன்ல தேடிப் பாத்தேன். இந்த மாத்திரைய திடீர்னு நிறுத்தக் கூடாதாம். இத்தனை நாள் வரலைன்னா இனி வராதுன்னு அர்த்தம் இல்லையாம். வந்தா பெருசா வருமாம். உயிருக்கே — போன மூடிட்டேன்.

நாளைக்கு மத்தியானம் கப்பல். ராத்திரி முழுக்க, மறுநாளும் கடல்ல. மேல் பங்க்ல படுத்திருப்பானோ? கம்பி ஓரமா நின்னு கடலப் பாத்துட்டு இருப்பானோ? அவனுக்குக் கடல் பாக்கப் பிடிக்கும். பக்கத்துல இருக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.

என் கதையில வர்ற பையனுக்கு ஒண்ணும் ஆகாது, ஏன்னா அப்படி ஒரு பையனே கெடையாது. இவன் இருக்கானே.

ஆண்டவரே, நான் சாட்சி சொல்லல, உங்க பேர்ல கதை விட்டேன். அந்தப் பையனப் பாத்துக்கோங்க.

அக்டோபர் 19, வியாழன்

எல்லாம் முடிந்தது. கப்பல் போய்விட்டது. வீரவரலாறு கீழ்வருமாறு.

அதிகாலையிலேயே எழுந்தேன். வானத்துச் சூரியனும் டாலிகஞ்ச் சூரியனும் ஒன்றாக உதித்த முதல் நாள். நேராக ராஜகுமாரி அக்கா முன்னால் போய் நின்று, நிமிர்ந்த தலையுடன் சொன்னேன்: "அக்கா, என் சாட்சி பொய். அதைக் கேட்டு அன்பழகன் வலிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டான். இன்று கப்பல் ஏறுகிறான்." அக்கா என்னைத் திட்டவில்லை. திட்ட நேரமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. டூட்டி டாக்டருக்குப் போன் போட்டார். விடுதி வார்டனிடம் அவனுடைய மருத்துவச் சீட்டின் போட்டோ இருந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, அதே மாத்திரையை இன்றே திரும்ப ஆரம்பிக்கச் சொன்னார். ஊர் போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றார். மாத்திரை அட்டை என் கைக்கு வந்தது.

ஃபீனிக்ஸ் பே ஜெட்டி. டிக்கெட் இல்லாதவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. கேட் சாத்தியிருந்தது. உதயசூரியன் தயங்கவில்லை. கம்பி வேலியில் கால் வைத்து ஒரே தாவு. காவலர் கூப்பிடக் கூப்பிட ஓடினேன். வரிசையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான் அன்பழகன். அவன் தோளில் கை வைத்தேன். நடுங்காத குரலில் சொன்னேன்: "அன்பழகா, நான் சொன்னது பொய். எனக்கு வலிப்பு வந்ததே இல்லை. இந்த மாத்திரையைப் போடு."

போட்டான். என் கண் முன்னால் போட்டான். கப்பலில் பக்கத்து பங்க் அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொல்லி, கீழ் பங்க்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளவும் ஒத்துக்கொண்டான்.

கப்பல் சங்கு ஊதியது. வளைகுடா தாண்டும் வரை நின்று கை காட்டினேன். கண்ணில் ஏதோ விழுந்திருந்தது. கடல் காற்றுக்குத் தூசி ஜாஸ்தி.

வீட்டுக்கு வரும் வழியில் அக்கா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "ஜெபம் பண்றதும் மாத்திரை போடுறதும் சக்களத்திங்க இல்லடா, சண்ட போட்டுக்க."

அக்டோபர் 20, வெள்ளி

நடுக்கடலில் சிக்னல் இருக்காது. தெரிந்தும் போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.

"யாருடா அவ?" என்றாள் அம்மா.

"அன்பழகன்."

அம்மாவுக்குக் கவலை கூடியது. எனவே முழுவதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். "அந்தப் புள்ள நல்லபடியா போய்ச் சேரட்டும். அப்புறம் உன்ன வச்சுக்கிறேன்" என்று சொல்லி, முழங்கால் போட்டாள். நானும் போட்டேன். அம்மா பேர் சொல்லி ஜெபித்தாள், அன்பழகன் அன்பழகன் என்று. இடையில் ஒரு தரம் உதயசூரியன் என்றும் வந்தது, கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டு.

அக்டோபர் 21, சனி

வந்தது. போன் வந்தது.

கட்சாலிலிருந்து. கொரகொரவென்று சத்தம், நடுநடுவே அறுந்து போகிறது. "அண்ணே, வந்து சேந்துட்டேன். ஒண்ணும் வரல. ராவைக்கும் போட்டேன், காலையிலயும் போட்டேன். இங்க டாக்டரப் பாத்தாச்சு. நல்லா ஏசுனாரு. மருந்து மட்டும் விடாதன்னாரு."

பிறகு அவன் அம்மா பேசினார். அழகம்மா. "நீங்கதானா தம்பி, ஜெட்டி வரைக்கும் மருந்து கொண்டாந்த புள்ள? நல்லாருக்கணும்ப்பா நீங்க."

நான் பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. அந்த அம்மாவுக்குக் கதையின் முதல் பாதி தெரியாது. தெரியவேண்டும். அடுத்த முறை சொல்ல வேண்டும்.

ஆனால் இப்போதைக்கு — அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். போய்ச் சேர்ந்துவிட்டான். இன்று சோறு உள்ளே இறங்குகிறது. மூன்றாம் தடவை ரசம் கேட்டேன், அம்மா ஒன்றும் சொல்லாமல் ஊற்றினாள். மாடியில் போய் நின்று சும்மா சிரித்தேன். பக்கத்து வீட்டுப் பப்பாளி பழுத்திருந்தது. தொடவில்லை.

அக்டோபர் 22, ஞாயிறு

வாலிபர் ஞாயிறு.

மைக் கைக்கு வந்தது. முதல் வரிசையில் ஜெயமணி ஆன்ட்டி, கைக்குட்டையுடன் அழுவதற்குத் தயாராக. நான் சொன்னது இவ்வளவுதான்: "எனக்கு வலிப்பு வந்ததே இல்ல. நான் சொன்னது கதை. அதக் கேட்டு ஒருத்தன் மாத்திரைய நிறுத்திட்டான். ஆண்டவர் அவனக் காப்பாத்திட்டாரு. என்னை இன்னும் என்ன செய்யன்னு யோசிச்சிட்டு இருக்காருன்னு நெனக்கிறேன். மன்னிச்சிருங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஜெயமணி ஆன்ட்டி கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துவிட்டு, திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா எழுந்தாள். மைக் இல்லாமலே சொன்னாள்: "நானும்தான் தலையாட்டினேன். எனக்கும் சேர்த்து மன்னிச்சிருங்க." உட்கார்ந்துவிட்டாள். அம்மாவின் காது நுனி சிவந்திருந்தது. அதைப் பார்த்தபோது பட்டது, நான் மைக்கில் சொன்னதெல்லாம் ஒன்றும் பெரிதில்லை.

பாஸ்டர் ஐயா கழுத்தைச் சொறிந்தார். "பாட்டு பாடுவோம்" என்றார். பாடி முடித்ததும் என்னை அறைக்குக் கூப்பிட்டுத் தீர்ப்பு வழங்கினார்: கிறிஸ்மஸ் வரை எனக்கு மைக் கிடையாது, நாற்காலி உண்டு. அதாவது கூட்டத்துக்குக் கூட்டம் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போடுவதும் அடுக்குவதும் என் ஊழியம்.

"பாம்புஃபிளாட் அழைப்பு, ஐயா?"

"அங்கயும் நாற்காலி இருக்கு" என்றார்.

அக்டோபர் 26, வியாழன்

அழகம்மாவுக்குப் போன் போட்டு முதல் பாதியைச் சொன்னேன். இந்தத் தடவை லைன் போகவில்லை. "இனிமே அப்படிச் சொல்லாதீங்க சாமி" என்றார். ஏசியிருந்தால் தேவலை.

நவம்பர் 4, சனி

லீவு முடிந்து பையன்கள் வந்துவிட்டார்கள். இன்று விடுதியில், வலிப்பு வந்து விழுந்து காட்டிய அதே சிமென்ட் தரையில் நின்று, அது பொய் என்று சொன்னேன். மைக் இல்லை, எனவே தீர்ப்பை மீறவில்லை.

ஒரு குட்டிப் பையன் கை தூக்கினான். "அப்ப சாத்தம் பாலத்துல தூக்கிப் போட்ட மாத்திரை?"

"அதுவும் இல்லடா."

சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் அன்பழகன் எழுந்தான். "எனக்கு இருக்கு" என்றான். "இவருக்கு இல்ல. எனக்கு மெய்யாலுமே இருக்கு. மருந்து சாப்பிடறேன்." உட்கார்ந்தான்.

அவனுடைய அறைத்தோழன், மாயாபந்தர் பையன், எழுந்து அவன் முதுகில் ஒன்று வைத்தான். "அரே, பெஹ்லே போல்னா தா நா யார்." முன்னாடியே சொல்வதற்கென்ன என்று கோபம். கேலி செய்வார்கள் என்று பாத்ரூமில் ஒளிந்து மாத்திரை முழுங்கியவனுக்கு, கிடைத்தது இதுதான். ராஜகுமாரி அக்கா வந்திருந்தார். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதுவும் திணிக்கக் கூடாது, சாவிக்கொத்து கதவுக்கு மட்டும்தான் என்று சொல்லிக்கொடுத்தார். அறைத்தோழன் இரண்டு தரம் கேட்டு மனப்பாடம் செய்தான். பிறகு டீ. அன்பழகன் கீபோர்டில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை.

சபையில் சொல்லியாயிற்று, அவன் அம்மாவிடம் சொல்லியாயிற்று, விடுதியிலும் சொல்லியாயிற்று. வீட்டுக்கு வந்து இந்த நோட்டைப் புரட்டினேன். அக்டோபர் 19 கண்ணில் பட்டது. வாசிக்க ரொம்ப நன்றாக இருக்கிறது. அங்கேதான் உதைக்கிறது. இங்கே யாரும் கைதட்டப் போவதில்லை, இங்கேயும் போய் ஏன்டா சூரி?

எனவே, நடந்தது.

அதிகாலையில் எழவில்லை. கப்பல் கேன்சல் ஆகவேண்டும் என்று போர்வைக்குள் ஜெபித்துக்கொண்டு கிடந்தேன். வானம் பளிச்சென்று இருந்தது. அக்கா முன்னால் நிமிர்ந்து நிற்கவில்லை. நிற்கவே இல்லை. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். அனுப்பியதும் பயந்துபோய் அழித்தேன். அழிப்பதற்குள் அக்கா கேட்டுவிட்டார். "எங்கருக்க? அங்கயே நில்லு" என்று போன் வந்தது. டாக்டர், மாத்திரை எல்லாம் அக்கா பார்த்தது, அது மட்டும் எழுதியபடியே. ஜெட்டிக்குப் போனது அக்காவின் ஸ்கூட்டியில், பின்னால் உட்கார்ந்து, அக்காவின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு. நீயே போய்ச் சொல்லு என்று அக்கா வண்டியோடு வெளியே நின்றுவிட்டார்.

வேலி தாண்டவில்லை. அது என் நெஞ்சு உயரம். கேட்டில் காவலரிடம் விஷயத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. "க்யா ஹுவா பேட்டா, பாய் ஜா ரஹா ஹை?" என்றார். அண்ணனோ தம்பியோ ஊருக்குப் போகிறான் போல என்று நினைத்துக்கொண்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அம்மாவிடமிருந்து வந்த பழக்கம். கேட்டைத் திறந்துவிட்டார்.

வரிசையில் அன்பழகனைப் பார்த்ததும் நடுங்காத குரல் எதுவும் வரவில்லை. நடுங்கிய குரலும் வரவில்லை. மாத்திரை அட்டையை நீட்டிக்கொண்டு, மூக்கு ஒழுக நின்றேன். முன்னால் நின்ற நிக்கோபாரி அம்மா ஒருவர், நான்தான் கப்பலுக்குப் பயந்து அழுகிறேன் என்று நினைத்து, ஒரு பிஸ்கட் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

அவன்தான் பேசினான்.

"ஒங்களுக்கு வலிப்பு வந்ததே இல்லதானே அண்ணே?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"அன்னைக்கே கொஞ்சம் தெரியும். அது வரும்போது நமக்கு ஒண்ணுமே தெரியாதுண்ணே. எந்திரிச்ச பொறவு மத்தவங்க சொல்லித்தான் தெரியும். நீங்க என்னமோ பக்கத்துல நின்னு பாத்தாப்புல சொன்னீங்க."

"அப்புறம் ஏன்டா நிப்பாட்டின?"

யோசித்தான். வரிசை நகர்ந்தது, அவன் நகரவில்லை.

"மெய்யா இருந்தா நல்லாருக்குமேன்னுதான்" என்றான்.

பிறகு பையின் ஜிப்பைத் திறந்து, சட்டைகளுக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். அவனுடைய மாத்திரைகள். ஒன்றுகூடத் தூக்கிப் போடவில்லை. "அம்மா வாங்கி அனுப்புனது. கடல்ல போட மனசு வரல." அதிலிருந்து ஒன்றை எடுத்து, என் முன்னால் தண்ணீர் ஊற்றி முழுங்கினான். நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கொண்டுபோன அட்டை என் கையிலேயே இருந்தது. தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டி, "நீங்களும் ரெண்டு மொடக்குக் குடிங்க" என்றான்.

கப்பல் சங்கு ஊதியது. வளைகுடா தாண்டும் வரை நான் கை காட்டினேன் என்று எழுதியிருக்கிறேன். அழுத கண்ணுக்கு எது கப்பல், எது வழி என்றே தெரியவில்லை. அன்பழகன் பையை நிக்கோபாரி அம்மாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, "சலோ அண்ணே, வாங்க" என்று என் முழங்கையைப் பிடித்தான். ஊருக்குப் போகவேண்டியவன், கேட் வரை நடந்து வந்து என்னை வழியனுப்பிவிட்டு, திரும்ப ஓடிப்போய்க் கப்பல் ஏறினான்.